பெரியப்பாவின் பழைய மடிக்கணினி: சரி செய்யலாமா, எடைக்குப் போடலாமா?

தென்னந்தோப்பு | சனி, இரவு 9:40

பட்டுக்கோட்டையிலிருந்து பெரியப்பாவின் மடிக்கணினி ஒரு அரிசிப் பையில் சுற்றப்பட்டு என் மேசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அவர் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றும் தெருவில் யாருக்கு மனு, விண்ணப்பம், வாடகை ஒப்பந்தம் தேவைப்பட்டாலும் அவர் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்கள். 2016-இல் சென்னை ரிச்சி தெருவில் நான்தான் இதை வாங்கிக் கொடுத்தேன். அப்போதே இது ஏதோ அலுவலகத்தில் உழைத்துக் கழிக்கப்பட்டதுதான்: மூன்றாம் தலைமுறை ஐ5 செயலி (3320எம்), 4 ஜிபி ராம், 500 ஜிபி வன்தட்டு. இப்போது விண்டோஸ் 10 ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது.

பொத்தானை அழுத்திவிட்டுப் பெரியம்மா தேநீர் போட்டு, இருவரும் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் திரையில் ஐகான்கள் வரும். அடிக்கிற எழுத்து நான்கைந்து நொடி கழித்துத் தெரியும். நாற்பது ஆண்டு தட்டச்சு செய்த கை, திரைக்காகக் காத்திருப்பதில்லை. ஒரு வரி அடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினால் முதல் சொல்லே அப்போதுதான் வந்துகொண்டிருக்கும். அரை மணி நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடுகிறது. தேதி ஒவ்வொரு முறையும் 2012-க்குப் போய்விடுகிறது. பேட்டரி செத்து வெகுநாள் ஆகிறது.

உள்ளூர்க் கடையில் திறந்துகூடப் பார்க்காமல் மதர்போர்டு போய்விட்டது, 8,500 ரூபாய் ஆகும் என்று சொன்னார்களாம். எலி கடித்த நாளிலிருந்துதான் இப்படி என்று பெரியப்பா சொல்கிறார். எலிக்கும் விண்டோஸுக்கும் என்ன பகையோ தெரியவில்லை.

புதிதாக வாங்கித் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய கோப்புகள் எல்லாம் இதில்தான் இருக்கின்றன. கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் தென்னை விழுந்தவர்களுக்கு இவர் அடித்துக் கொடுத்த நிவாரண மனுக்களே முந்நூறுக்கு மேல். வேறெங்கும் நகல் இல்லை. வழி சொல்லுங்கள்.

கடைசி வரிசை | சனி, இரவு 9:58

பதின்மூன்று வருடப் பழையது. எடைக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். கோப்புகளைப் பென்டிரைவில் நகல் எடுத்தால் வேலை முடிந்தது.

திருப்புளி | சனி, இரவு 10:15

தென்னந்தோப்பு, முதலில் ஒரு வேண்டுகோள். அதை மறுபடி விண்டோஸில் போடாதீர்கள். இப்போதே அணைத்து வையுங்கள்.

பதினைந்து நிமிடம் எழும்பாத கணினியில் நான் முதலில் சந்தேகப்படுவது வன்தட்டைத்தான். படிக்க முடியாத இடத்தை அது திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். அந்த நேரம் முழுக்க விண்டோஸ் காத்திருக்கும். விண்டோஸோ பின்னணியில் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். சாகப்போகிற தட்டுக்கு அதைவிடக் கொடுமை இல்லை. கடைசி வரிசை சொல்வதுபோலப் பென்டிரைவைச் செருகி நகல் எடுக்கப் போனால் பாதியில் நின்றுவிடும். அதற்குள் தட்டும் இன்னும் கொஞ்சம் தேய்ந்திருக்கும்.

லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஒரு பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து துவக்குங்கள். வன்தட்டின் கோப்புகளைத் தொடாமல், தன் உடல்நிலையை அதுவே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவேட்டை மட்டும் படித்து, 5, 197, 198, 199 ஆகிய எண்களுக்கு எதிரே உள்ள மதிப்பைச் சொல்லுங்கள். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

மழைக்காகம் | சனி, இரவு 10:31

இவ்வளவு சுற்றுவழி எதற்கு? செக்டிஸ்க் ஓடவிட்டால் கெட்ட இடங்களை அதுவே சரி செய்துவிடும். அதுவும் முடியாவிட்டால் வன்தட்டைப் பாலித்தீன் பையில் போட்டு ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்தால் உயிர் வந்துவிடும். என் அலுவலகத்தில் ஒருவர் செய்திருக்கிறார்.

திருப்புளி | சனி, இரவு 10:44

மழைக்காகம், கோபித்துக்கொள்ளாதீர்கள். செக்டிஸ்க் கோப்புகளைக் காப்பாற்றும் கருவி அல்ல. கோப்பு முறைமையின் கணக்கைச் சரி பார்க்கும் கருவி. கணக்குப் பொருந்தவில்லையென்றால் உங்கள் கோப்பையே துண்டு துண்டாக வெட்டி வேறு பெயரில் வைத்துவிட்டு, சரியாகிவிட்டது என்று அறிவிக்கும். நல்ல தட்டில் ஓட்டலாம். நகல் எடுக்காத கெட்ட தட்டில் ஓட்டக் கூடாது.

ஃப்ரீசர் கதை ஊரெல்லாம் இருக்கிறது. வெளியே எடுத்ததும் நம் ஊர்க் காற்றின் ஈரம் குளிர்ந்த தட்டில் பனித்துளியாகப் படியும். தலை பறப்பது தட்டுக்கு மேல் மயிரிழையைவிடப் பல மடங்கு குறைந்த உயரத்தில். ஒரு துளி நீர் போதும், எல்லாம் முடிந்துவிடும். அலுவலக நண்பர் பிழைத்தது அவருடைய நல்ல நேரம்.

தென்னந்தோப்பு | ஞாயிறு, காலை 8:20

எண்கள் இதோ: 5-க்கு 88. 197-க்கு 312. 198-க்கும் 312. 199-க்குச் சுழி.

பென்டிரைவிலிருந்து துவக்கியபோதும் ஆமை வேகம்தான். பென்டிரைவ் மலிவானது, அதனால் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

திருப்புளி | ஞாயிறு, காலை 8:52

நினைத்ததுதான். 5 என்பது ஏற்கெனவே கெட்டு, மாற்று இடம் ஒதுக்கப்பட்ட துண்டுகள். 197 என்பது படிக்க முடியாமல், தீர்ப்புக்குக் காத்திருக்கும் துண்டுகள். 312 என்பது தட்டு வாய்விட்டுக் கதறுகிறது என்று அர்த்தம். 199 சுழியாக இருப்பது நல்ல செய்தி. இணைப்பில் கோளாறு இல்லை. மதர்போர்டு என்று சொன்ன கடைக்காரருக்கு இந்தப் பதிவேட்டைப் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

இனிச் செய்ய வேண்டியது: வன்தட்டைக் கழற்றி, சாட்டா-யுஎஸ்பி இணைப்பான் வழியாக நல்ல கணினி ஒன்றில் செருகுங்கள். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற கருவி இருக்கிறது. ஒரு வெளி வன்தட்டில் முழுத் தட்டையும் ஒரே பிம்பக் கோப்பாக எடுங்கள். சாதாரண நகலுக்கும் இதற்கும் வேறுபாடு என்னவென்றால், கெட்ட இடத்தில் இது முட்டிக்கொண்டு நிற்காது. அதைத் தாண்டிப் போய் நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, விட்டுப்போனதைக் குறித்துக்கொண்டு, கடைசியில் திரும்பி வந்து முயலும். வரைபடக் கோப்பின் பெயரைக் கட்டளையில் கட்டாயம் கொடுங்கள்; மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மூலம் எது, சேருமிடம் எது என்று மூன்று முறை பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள். இதை மாற்றிக் கொடுத்து அழுதவர்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவன் நான்.

தென்னந்தோப்பு | செவ்வாய், இரவு 11:05

ஒன்றரை நாள் ஓடியது. முதல் சுற்று வேகமாகப் போனது. கடைசி ஒரு சதவீதத்துக்குத்தான் பாதி நேரம். மொத்தத்தில் படிக்க முடியாமல் போனது ஒரு எம்பிக்குச் சற்று மேல். பிம்பத்தைப் படிப்பதற்கு மட்டும் திறந்து கோப்புகளைச் சரிபார்த்தேன். மூன்று கோப்புகள் திறக்கவில்லை. இரண்டு பாட்டு, ஒன்று 2017-இல் அடித்த வாடகை ஒப்பந்தம். அந்த வீட்டையே இடித்துவிட்டார்கள், போகட்டும் என்றார் பெரியப்பா. புயல் மனுக்கள் அத்தனையும் பத்திரம்.

திருப்புளி, உங்களுக்குப் பட்டுக்கோட்டைத் தேங்காய் ஒரு மூட்டை கடன்.

ஆனால் ஒரு சந்தேகம். கோப்புகளை என் கணினியில் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது. இதுவும் தட்டு கெட்டதால்தானா?

ஆரணி ஆசிரியை | புதன், காலை 6:35

பயப்படாதீர்கள். தமிழ் என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து எழுத்துகள் தெரிகின்றனவா? அப்படியென்றால் கோப்பு நன்றாகவே இருக்கிறது. அது பாமினி எழுத்துருவில் அடித்தது. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறை பரவுவதற்கு முந்தைய ஏற்பாடு அது. கணினியைப் பொறுத்தவரை அவர் அடித்தது வெறும் ஆங்கில எழுத்து. ஜே என்ற எழுத்தின் உருவத்துக்குப் பதிலாகத் த-வையும், கே-க்குப் பதிலாக ம-வையும் வரைந்து வைத்திருக்கிறது எழுத்துரு. எழுத்துரு இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடும். பழைய வன்தட்டின் பிம்பத்தில் விண்டோஸ் கோப்புறைக்குள் எழுத்துருக்கள் இருக்கும் இடத்தில் பாருங்கள். அந்தக் கோப்பை எடுத்து நிறுவினால் போதும்.

தென்னந்தோப்பு | புதன், காலை 7:10

ஆமாம், ஜே கே பி ஓ அரைப்புள்ளியேதான்! நிறுவினேன், எல்லாம் தமிழாகிவிட்டது. நன்றி டீச்சர்.

மழைக்காகம் | புதன், காலை 9:02

இதுதான் சமயம், எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியில் ஒட்டினால் நொடியில் முடிந்துவிடும்.

ஆரணி ஆசிரியை | புதன், மாலை 5:48

மாற்றி நல்லதுதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் மனுக்களில் நடுநடுவே ஆங்கிலச் சொற்கள் இருக்குமே. மாற்றிக்கு எது ஆங்கிலம், எது பாமினி என்று தெரியாது. இரண்டுமே அதற்கு ஒரே எழுத்துகள். மனுதாரரின் வங்கிப் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் உலகில் இல்லாத தமிழ்ச் சொற்களாக மாறிவிடும். ஒவ்வொன்றையும் கண்ணால் படித்துத் திருத்த வேண்டும். பழையவை அப்படியே இருக்கட்டும், தேவைப்படும்போது ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

பெரியவரின் கையையும் யோசியுங்கள். தட்டச்சுப் பயிலகத்தில் யளனக என்று பழகிய வரிசையும் பாமினியின் நடு வரிசையும் ஒன்றுதான். எழுபது வயதில் அவரைத் தமிழ்99 விசைப்பலகை வரிசையைக் கற்றுக்கொள்ளச் சொல்வது, வலக்கையால் சாப்பிடுகிறவரை இடக்கையால் சாப்பிடச் சொல்வது போல.

திருப்புளி | புதன், இரவு 8:15

சரி, இனி உடம்புக்கு வைத்தியம். 256 ஜிபி எஸ்.எஸ்.டி ஒன்று. ராமை 8 ஜிபி ஆக்குங்கள். அடிப்பக்கம் இன்னொரு இடம் காலியாக இருக்கிறதா பாருங்கள். 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் என்று கேட்டு வாங்குங்கள். தேதி 2012-க்குப் போவது உள்ளே இருக்கும் சிஆர்2032 நாணய பேட்டரி தீர்ந்ததால். அந்தத் தேதியில் பாதி இணையதளங்கள் பாதுகாப்பில்லை என்று கதவைச் சாத்தியிருக்குமே, கவனித்தீர்களா? இன்றைய சான்றிதழ்கள் அந்தக் கணினியின் பார்வையில் இன்னும் பிறக்கவே இல்லை.

அரை மணியில் அணைவது பெரும்பாலும் சூடு. செயலி நூறு டிகிரியைத் தாண்டினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றிவிட்டுத் திறங்கள். விசிறியை ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பம்பரம்போல் சுழலவிட்டால் அச்சு கெட்டுப்போகும்.

தென்னந்தோப்பு | சனி, மாலை 4:30

திறந்தேன். விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் தூசி படிந்து படிந்து கம்பளித் துண்டாகவே ஆகிவிட்டது. இடுக்கியால் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக உரிந்து வந்தது. பெரியப்பா அதைத் தலையணை மேல் வைத்து அடிக்கிற வழக்கம் உள்ளவர். செயலியின் மேல் இருந்த பசை காய்ந்த சுண்ணாம்பு. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, ஓர் அரிசி அளவு புதுப் பசை வைத்தேன். நாணய பேட்டரி, எஸ்.எஸ்.டி, ராம் எல்லாம் போட்டாகிவிட்டது.

இப்போது எந்த இயங்குதளம்? விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது.

கடைசி வரிசை | சனி, மாலை 4:41

விண்டோஸ் 11-ஐக் குறுக்கு வழியில் ஏற்றலாம். வீடியோக்கள் நிறைய இருக்கின்றன.

திருப்புளி | சனி, மாலை 5:20

ஏற்றலாம். அதற்கு எட்டாம் தலைமுறைச் செயலியும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். இது மூன்றாம் தலைமுறை. நாளை ஏதோ ஒரு பெரிய புதுப்பிப்பு வர மறுத்தால் பட்டுக்கோட்டைக்குப் பஸ் ஏறப்போவது நீங்கள்தான், வீடியோ போட்டவர் அல்ல.

அவருக்கு வேண்டியது தட்டச்சு, மின்னஞ்சல், பேரப்பிள்ளைகளின் முகம். மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இவற்றைச் செய்யும். பாமினிக்கு விசைப்பலகை மென்பொருள் எதுவும் வேண்டாம் என்பதால் வேர்டைப் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸில் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தாலே அடிக்க ஆரம்பித்துவிடலாம். அச்சகத்துக்குக் கொண்டுபோகப் பிடிஎஃப் ஆக்கிவிட்டால் எழுத்துரு கோப்புக்குள்ளேயே போய்விடும்; அங்கே பாமினி இருக்கிறதா என்ற கேள்வியே எழாது.

தென்னந்தோப்பு | ஞாயிறு, இரவு 10:10

மின்ட் ஏற்றினேன். எழும்ப அரை நிமிடம்கூட ஆகவில்லை; அணைவதும் நின்றுவிட்டது. ஆனால் சொல்ல வெட்கமாக இருக்கிறது: இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது. உலாவியைத் திறந்தால் மூச்சு வாங்குகிறது. வீடியோ தத்தித் தத்திப் போகிறது. வேகமாக அடித்தால் எழுத்து பின்தங்குகிறது. எஸ்.எஸ்.டி, 8 ஜிபி ராம், வெப்பம் ஐம்பது டிகிரி. இன்னும் என்னதான் வேண்டும் இதற்கு?

கடைசி வரிசை | ஞாயிறு, இரவு 10:14

புதுக் கணினி.

ரயிலடி | ஞாயிறு, இரவு 11:37

இழையை ஒரு வாரமாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரே ஒரு கேள்வி. எலி எதைக் கடித்தது?

தென்னந்தோப்பு | ஞாயிறு, இரவு 11:50

சார்ஜர் ஒயரை. இரண்டு வருடம் இருக்கும். அதன் பிறகு பஸ் நிலையம் பக்கம் 450 ரூபாய்க்கு ஒன்று வாங்கியிருக்கிறார். ஏன்?

ரயிலடி | திங்கள், அதிகாலை 12:08

உங்கள் பெரியப்பா முதல் நாளே சொல்லிவிட்டார், நாம்தான் சிரித்துவிட்டுக் கடந்துவிட்டோம்.

சார்ஜரின் முனையைப் பாருங்கள். வட்டத்தின் நடுவில் மெல்லிய ஊசி இருக்கிறதா? சில நிறுவனங்களின் கணினிகளில் அந்த ஊசி மின்சாரத்துக்கு அல்ல, அடையாளத்துக்கு. சார்ஜருக்குள் இருக்கும் சில்லு, நான் 65 வாட், நான் 90 வாட் என்று அதன் வழியே கணினிக்குச் சொல்லும். மலிவான போலியில் அந்தச் சில்லு இருக்காது, அல்லது ஊசி வளைந்திருக்கும். வந்திருப்பது யார் என்று தெரியாததால் கணினி எச்சரிக்கையாகிவிடும்: பேட்டரியைச் சார்ஜ் செய்யாது, செயலியை மிகக் குறைந்த வேகத்தில் கட்டிப்போட்டுவிடும். எந்த இயங்குதளம் போட்டாலும் இதே கதைதான். பென்டிரைவிலிருந்து துவக்கியபோதும் ஆமை வேகம் என்று எழுதியிருந்தீர்களே, அது பென்டிரைவின் குற்றமே அல்ல.

பயாஸுக்குள் (கணினி எழும்பும்போதே திறக்கும் அமைப்புப் பக்கம்) போய் அடாப்டர் என்ன வகை என்று காட்டுகிறதா பாருங்கள். லினக்ஸில் செயலியின் வேகத்தையும் பாருங்கள். உங்கள் செயலியின் இயல்பு வேகம் 2.6 கிகாஹெர்ட்ஸ், தேவைப்பட்டால் 3.3 வரை போகும். எங்கே நிற்கிறது?

தென்னந்தோப்பு | திங்கள், அதிகாலை 12:26

1.2. என்ன செய்தாலும் 1.2-ஐத் தாண்டவில்லை. பயாஸில் அடாப்டர் வகை: தெரியவில்லை.

தூக்கம் போய்விட்டது.

திருப்புளி | திங்கள், காலை 7:05

ரயிலடி, தலைவணங்குகிறேன். வேகத்தைப் பார்க்கச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. வன்தட்டு கெட்டிருந்தது உண்மைதான், ஆனால் ஒரு குற்றவாளி கிடைத்ததும் விசாரணையை முடித்துவிட்டேன்.

தென்னந்தோப்பு | வியாழன், இரவு 9:15

அலுவலகத்தில் ஒருவரிடம் அதே நிறுவனத்தின் அசல் சார்ஜரைக் கடன் வாங்கிச் செருகினேன். செருகிய கணத்தில் 3.1. வீடியோ தண்ணீராக ஓடுகிறது. உடனே 1,350 ரூபாய்க்கு அசல் 90 வாட் சார்ஜர் ஒன்று வாங்கிவிட்டேன். பேட்டரியும் சார்ஜ் இல்லாமல்தான் கிடந்தது போலிருக்கிறது என்று ஆசைப்பட்டேன். இரண்டு வருடம் பட்டினி கிடந்த செல்கள் எழவில்லை. வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பதால் இப்போதைக்கு விட்டுவிட்டு, தானாகச் சேமிக்கும் இடைவெளியை இரண்டு நிமிடமாக்கியிருக்கிறேன்.

செலவு கேட்டவர்களுக்கு: எஸ்.எஸ்.டி 1,900, பழைய ராம் 600, பசை 150, நாணய பேட்டரி 40, சார்ஜர் 1,350. ஆக 4,040. சார்ஜரை முதலில் மாற்றியிருந்தாலும் வன்தட்டு எப்படியும் போயிருக்கும், அதனால் வருத்தமில்லை. கோப்புகளின் நகல் என்னிடம் ஒன்று, அவரிடம் பென்டிரைவில் ஒன்று.

தென்னந்தோப்பு | ஞாயிறு, காலை 11:40

கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். இங்கிருந்துதான் எழுதுகிறேன், ஒரு புதுச் சிக்கல். பெரியப்பா மனு என்று அடித்தால் முனு என்று வருகிறது. எல்லா இடத்திலும் அல்ல, வரியின் தொடக்கத்தில் மட்டும். மரம் முரமாகிறது. உன் லினக்ஸுக்குத் தமிழ் தெரியவில்லை என்கிறார்.

ஆரணி ஆசிரியை | ஞாயிறு, பகல் 12:05

சிரித்து முடித்துவிட்டு எழுதுகிறேன், மன்னிக்கவும். பாமினியில் சிறிய கே என்றால் ம, பெரிய கே என்றால் மு. லிப்ரே ஆபிஸ் அவர் அடிப்பதை ஆங்கிலம் என்று நினைத்து, வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கி உதவி செய்கிறது. கருவிகள் பட்டியலில் தானியங்கித் திருத்தம் என்பதற்குள் போய், முதல் எழுத்தைப் பெரிதாக்கும் குறியை எடுத்துவிடுங்கள். அங்கேயே இரண்டு பெரிய எழுத்துகளைத் திருத்தும் குறி இருக்கும், அதையும் எடுங்கள். மேற்கோள் குறியை வளைக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள்.

தென்னந்தோப்பு | ஞாயிறு, பகல் 12:30

எடுத்தேன், மனு மனுவாகவே நிற்கிறது. 2016-இல் வேர்டில் இதையெல்லாம் நானே அணைத்துக் கொடுத்தது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

பெரியப்பா சோதனைக்கு அரைப் பக்கம் அடித்தார். திரை அவர் கையோடு வந்தது. ஒன்றும் சொல்லவில்லை, இன்னொரு அரைப் பக்கம் அடித்தார். பெரியம்மா தேநீர் கொண்டுவந்தபோது, ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டார்.

ரயிலடிக்கு ஒரு தகவல்: புதுச் சார்ஜரின் ஒயர் இப்போது தரையில் இல்லை. சுவரில் ஆணி அடித்து, கொடிக்கயிறு கட்டி, அதில் தொங்குகிறது.